முகடுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள்

ப்ளெண்டர் மென்பொருளோடு பல ஆண்டுகள் சேர்ந்தே வந்த ‘ஏ.என்.டி. லேண்ட்ஸ்கேப்’ ஆட்-ஆனில் நான்கைந்து எண்களை மாற்றினால் போதும், வெறும் தளத்திலிருந்து ஒரு மலைத்தொடர் எழுந்துவிடும். கட்டங்களைக் குறைத்து ‘ஷேட் ஃப்ளாட்’டை அழுத்தினால் அதே மலை பட்டை பட்டையாகத் தெரியும். யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினுக்கென்று விற்கப்படும் லோ பாலி டெர்ரெய்ன் ப்ளகின்கள், அதாவது குறைந்த பலகோணங்களில் நிலம் செய்யும் கருவிகள், கூடுதல் வசதிகளோடு செய்வதும் சாரத்தில் இதுதான். இந்தப் பட்டைத் தோற்றத்தின் பூர்வீகம் எது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வருகிறது: பழைய கணினிகளுக்குச் சக்தி போதவில்லை, அதனால் சில முக்கோணங்களை வைத்து உலகத்தைக் கட்டினார்கள், இன்றைய தனி உருவாக்குநர்கள் அந்த ஏழ்மையை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கிறார்கள். தடம் பிடித்துப் போனால் இந்தப் பதில் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது என் கட்சி.

பழைய விளையாட்டுகளின் பக்கம் சாட்சியம் இல்லாமல் இல்லை. அட்டாரியின் ‘ஐ, ரோபோ’ 1984லேயே ஒற்றை நிறப் பலகோணங்களால் ஆன உலகத்தைக் காட்டியது. ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் கணினிக்காக டேவிட் பிரேபன் 1987இல் எழுதிய ‘லேண்டர்’ இன்னும் நெருங்கிய உறவு. சில சைன் அலைகளைக் கூட்டி அது நிலத்தின் உயரத்தைக் கணிக்கும். குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் கடல். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே நிறம். இன்றைய ப்ளகினின் கருவே அதில் இருக்கிறது. ஆனால் பட்டையை ஒழிக்கும் முயற்சி அதற்கும் முந்தையது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹென்றி கூரோ, முனைகளில் மட்டும் ஒளியைக் கணித்து இடைப்பட்ட பரப்பில் அதைச் சீராகப் பரப்பும் முறையை 1971இல் முன்வைத்தார். அவருக்குப் பட்டை என்பது களைய வேண்டிய குறை. 1994இல் வந்த ப்ளேஸ்டேஷன் அந்த முறையை வன்பொருளிலேயே செய்தது. ஆக, ஏழ்மைக் கதை பட்டை ஏன் இருந்தது, ஏன் மறைந்தது என்பதை நன்றாகவே விளக்குகிறது. ஏன் திரும்பி வந்தது என்பதை விளக்கவில்லை.

இன்றைய கணக்கோ நேர்மாறானது. நூற்றுக்கு நூறு கட்டங்கள் கொண்ட நிலத்தை வழவழப்பாகக் காட்ட வேண்டுமானால் அண்டை முக்கோணங்கள் முனைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். 10,201 முனைகள் போதும். பட்டையாகக் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு முக்கோணமும் தன் சாய்வைத் தானே சொல்ல வேண்டும், முனையைப் பகிர முடியாது; 20,000 முக்கோணங்களுக்கு 60,000 முனைகள். யூனிட்டியில் மெஷ் என்னும் முக்கோண வலை வழக்கமாகக் கையாளும் 16 பிட் எண்ணில் 65,535 முனைகள்தான் அடங்கும். பக்கத்துக்கு 105 கட்டம் வைத்தாலே 66,150 ஆகி எல்லை தாண்டிவிடும். முனைகளைப் பிரிக்காமல் ஷேடருக்குள் ஒவ்வொரு பிக்சலிலும் சாய்வைக் கணித்துப் பட்டையை வரவழைக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வரவழைக்கலாம். அப்போதும் வழவழப்புதான் சும்மா கிடைப்பது, பட்டைக்குத் தனியாக மெனக்கெட வேண்டும். சிக்கனத்துக்காகச் செய்கிறோம் என்ற சொல் இங்கே எடுபடாது. பழைய ஏக்கம் என்பதும் ஓரளவுக்கே பொருந்துகிறது. 2015இல் வந்த ‘க்ரோ ஹோம்’, அடுத்த ஆண்டு முன்னோட்டமாக வெளியான ‘ஆஸ்ட்ரோனீர்’ ஆகியவற்றின் மென்மையான வெளிச்சமும் நிழல்களும் ‘லேண்டர்’ காலத்தை எவ்விதத்திலும் நினைவூட்டுவதில்லை.

குறைந்த முக்கோணங்களை வேண்டுமென்றே, அதுவும் யோசித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் வேறு துறையில் இருந்தார்கள். எம்.ஐ.டி.யில் சார்லஸ் மில்லர் 1950களின் இறுதியில் நெடுஞ்சாலைத் திட்டமிடலுக்காக நிலத்தை எண்களாக்கினார். எண்வழி நில மாதிரி என்ற கருத்து அங்கேதான் உருப்பெற்றது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பாய்க்கர் குழு 1970களில் இன்னொரு கேள்வியை எழுப்பியது. சமவெளியிலும் செங்குத்துச் சரிவிலும் ஒரே இடைவெளியில் உயரத்தைக் குறிப்பது வீண் அல்லவா? சிகரம், பள்ளம், கணவாய், முகட்டுக் கோடு, ஓடைக் கோடு ஆகியவற்றில் புள்ளிகளை வைத்து, அவற்றைச் சமமற்ற முக்கோணங்களால் இணைத்தால் குறைந்த தரவிலேயே நிலத்தின் குணம் பிடிபடும் என்றார்கள். புவித்தகவல் துறையில் டின் என்று புழங்குவது இந்த வலைதான். அதற்கும் பின்னே போனால் கணிதம் நிற்கிறது. சமவுயரக் கோடுகளையும் சரிவுக் கோடுகளையும் பற்றி ஆர்தர் கேலி 1859இல் எழுதினார்; குன்றுகளையும் பள்ளத்தாக்குகளையும் பற்றி ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1870இல் எழுதினார். ஒரு நிலத்தில் எத்தனை சிகரம் இருந்தால் எத்தனை கணவாய் இருந்தே தீரும் என்பதெல்லாம் அங்கே கணக்காகிவிட்டது. மின்காந்தவியலுக்குப் பேர்போன மாக்ஸ்வெல் மலைகளை எண்ணிக்கொண்டிருந்தது எனக்குச் செய்தியாகவே இருந்தது.

ப்ளகினின் மறுபாதியான நாய்ஸ், அதாவது உயரங்களைத் தற்செயல்போல் ஏற்றி இறக்கும் சூத்திரம், வேறொரு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டின் ஆசை நேரெதிரானது. போயிங் நிறுவனத்தில் இருந்த லோரன் கார்பென்டர், கணித அறிஞர் மாண்டெல்பிராட்டின் ஃப்ராக்டல் கருத்தைப் படித்துவிட்டு, கணினி வரைகலைக்கான 1980 சிக்ராஃப் மாநாட்டில் ‘வோல் லிப்ரே’ என்ற குறும்படத்தைக் காட்டினார். பெரிய முக்கோணங்களை உடைத்து, உடைந்தவற்றை மீண்டும் உடைத்து, புதிய புள்ளிகளைத் தற்செயலாக மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே போனால் மலை பிறக்கும். கென் பெர்லின், ‘ட்ரான்’ படத்தில் வேலை செய்தபின், கணினிப் படங்களின் இயந்திரத்தனமான தோற்றம் பிடிக்காமல் உருவாக்கிய நாய்ஸ் 1985இல் கட்டுரையாக வந்தது. 1997இல் அதற்கு ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இவர்கள் தேடியது விவரம், மேலும் விவரம், நெருங்க நெருங்கத் தீராத விவரம். லோ பாலி ப்ளகின் அவர்களுடைய சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் தொடங்கிய இடத்திலேயே நிறுத்திவிடுகிறது.

விளையாட்டு செய்பவர் எவரும் பாய்க்கரைப் படித்துவிட்டு ப்ளகின் எழுதவில்லை, இதை எப்படிப் பூர்வீகம் என்பது என்ற மறுப்பு நியாயமானது. நான் சொல்லும் உறவு வாசிப்பின் வழியே வந்ததல்ல, கருவிகளின் வழியே வந்தது. ஒழுங்கற்ற புள்ளிகளை முக்கோணமாக்க ப்ளகின்கள் நாடும் டெலோனே முறை, டின் வலைக்கும் அடித்தளம். மைக்கேல் கார்லண்டும் பால் ஹெக்பர்ட்டும் 1995இல் நிலப்பரப்பை வேகமாகச் சுருக்குவது பற்றி எழுதினார்கள். இரண்டாண்டு கழித்து எந்த மெஷ்ஷையும் வடிவம் கெடாமல் குறைக்கும் முறையைத் தந்தார்கள். ப்ளெண்டரில் முக்கோணங்களைக் குறைக்கும் ‘டெசிமேட்’ கருவி அந்த மரபில் வந்தது.

உறவைச் சொன்னதால் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ப்ளகின்கள் கட்டப் புள்ளிகளைத் தற்செயலாகச் சற்று நகர்த்தி, ஒழுங்கற்றதுபோல் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. டின்னின் தோற்றம் வருகிறது, அதன் தேர்வு வருவதில்லை. கற்பனை நிலத்துக்கு எதற்குத் தேர்வு, எந்த நிஜ மலைக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கற்பனை நிலத்துக்கும் முகடு உண்டு. சுற்றிலும் கடல் சூழ்ந்த தீவில் சிகரங்களையும் பள்ளங்களையும் கூட்டிக் கணவாய்களைக் கழித்தால் மிஞ்சுவது 1. அந்தத் தீவு கணினிக்குள் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விளையாடுபவர் மலையைக் கடப்பது பெரும்பாலும் கணவாய் வழியே. தொலைவிலிருந்து இடத்தை அடையாளம் காண்பது முகட்டுக் கோட்டை வைத்து. எல்லாக் கட்டங்களிலும் மூலைவிட்டம் ஒரே திசையில் போகும்போது, அதற்குக் குறுக்கே ஓடும் முகடு ரம்பப் பல்லாக உடைகிறது. புள்ளிகளைக் கொஞ்சம் கலைத்துப் போடுவதால் அது சரியாவதில்லை. நாய்ஸை அடர்த்தியான கட்டங்களில் ஓடவிட்டு, பிறகு பிழையை அளந்து குறைத்தால், சமவெளி சில பெரிய முக்கோணங்களில் அடங்கிவிடும், மிச்சமானவை தாமாகவே முகட்டுக்கும் ஓடைக்கும் போய்ச் சேரும்.