பாபிலோனுக்கு வந்த கடிதம்

வேதத்தைக் கையில் வைத்திருப்பது வேறு. வேதத்தை வாசிப்பது வேறு. சீகன்பால்கு ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் முழுமையாக அச்சேறிய நாள் முதல், திருமறையைத் தாய்மொழியிலேயே அச்சுநூலாகப் படிக்கும் பேறு தமிழருக்குக் கிட்டியிருக்கிறது. அப்பேற்றுக்கேற்ப நாம் படிக்கின்றோமா என்பதே கேள்வி. அங்கொரு வசனம், இங்கொரு வசனம் என்று நுனிப்புல் மேய்வதால் விசுவாசம் வேரூன்றுவதில்லை.

புத்தாண்டு பிறக்கும் இரவில், ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையொன்றை எடுத்துவந்து வீட்டில் வைப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் நிலவும் நல்வழக்கம். அவ்வட்டைகளில் அடிக்கடி காணப்படுவது எரேமியாவின் ஆகமத்து 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். தம் மக்களைக் குறித்துக் கர்த்தர் கொண்டுள்ள எண்ணங்கள் தீங்குக்கானவை அல்ல, நன்மைக்கானவையே என்பது அதன் கருத்து. பிறந்த ஊரைவிட்டு வந்து வாழ்வோர்க்கு இதனினும் இனிய செய்தி வேறு உண்டோ?

எங்கள் இல்லத்திற்கும் ஓர் ஆண்டு அவ்வசனமே வாய்த்தது. தென்னக ரயில்வேக்கு மாற்றம் வேண்டி நான் கொடுத்திருந்த விண்ணப்பம் அப்பொழுது வரிசையில் காத்திருந்தது. ஊரில் தனித்திருக்கும் தன் தாயாருக்குக் கண்பார்வை மங்கி வருவதை எண்ணி, என் மனைவி அவ்வசனத்தைச் சொல்லி நாள்தோறும் மன்றாடினாள். ஆண்டு முடிந்தது, மாற்றம் வரவில்லை. ஓரிரவு குடும்ப ஜெபம் முடிந்தபின், “இந்த வாக்கு நமக்குச் சொன்னதுதானா? அப்படியானால் ஏன் நிறைவேறவில்லை?” என்று கேட்டாள். அது அவிசுவாசம் அன்று, வேதனை. வாயளவான ஆறுதல் கூறி அவ்வினாவை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அவ்வதிகாரத்தையும் அதற்கு முந்திய அதிகாரத்தையும் சேர்த்து, இரவுதோறும் சில வசனங்களாக இருவரும் உரக்கப் படிக்கத் தொடங்கினோம்.

பார்சல் அலுவலகத்தில் பணிபுரிபவனாதலால் எனக்கொரு பழக்கம் உண்டு. ஒரு ரசீதைக் கையில் எடுத்தால், அனுப்பியவர் யார், பெறுபவர் யார், எங்கிருந்து எங்கே, என்றைய தேதி என்று எல்லாக் கட்டங்களையும் பார்த்த பின்னரே மூட்டையைத் தொடுவேன். அதே வினாக்களைத் திருமறையிடமும் கேட்டுப் பார்த்தோம்.

கிடைத்த விடைகள் இவை: அவ்வதிகாரம் ஒரு கடிதம். அனுப்பியவர் எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி. பெற்றவர்கள், கி.மு. 597இல் எகொனியா அரசனோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். இரண்டே ஆண்டுகளில் யாவரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்பவன் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. கேட்பதற்கு இனிய சொல். ஆயினும் அது கர்த்தருடைய சொல் அன்று. எரேமியாவின் கடிதமோ, வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணவும், பிள்ளைகளுக்கு மணமுடிக்கவும் கூறியது. சிறைபிடித்தவர்களின் நகரமாயினும் அதன் நலத்தை நாடவும், அதற்காக ஜெபிக்கவும் பணித்தது. திரும்புதல் 70 ஆண்டுகள் நிறைவேறிய பின்னரே என்று 10ஆம் வசனம் கூறுகிறது. அதனை அடுத்துத்தான் நம் அட்டையில் உள்ள வசனம் வருகிறது!

கி.மு. 539இல் பாபிலோன் பாரசீக அரசன் கோரேசிடம் வீழ்ந்த பின்னரே யூதர் ஊர் திரும்ப வழி பிறந்தது. கடிதத்தைக் கேட்ட முதியவர்கள் எருசலேமை மீண்டும் காண இயலாது. அவ்வாறாயின் அவர்களுக்கு அவ்வாக்கினால் என்ன பயன்?

இதற்கு விடை கண்டவள் என் மனைவியே. தமிழில் ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறு. தனியொருவரிடம் கர்த்தர் பேசுமிடத்து நம் வேதம் ‘நீ’ என்றே மொழியும். இங்கோ ‘உங்கள்’ என்றிருக்கிறது. பாட்டன் முதல் பேரன் வரை ஒரு மக்கள் கூட்டம் முழுமைக்கும் உரைத்த வாக்கு அது. மேலும், முழு இருதயத்தோடு தம்மைத் தேடுகிறவர்கள் தம்மைக் கண்டடைவார்கள் என்று 13ஆம் வசனம் உறுதி கூறுகிறது. எங்கே? ஆலயம் இல்லாத பாபிலோனிலேயே! நாடு திரும்பும் நாளைக் காணாத முதியவருக்கும் அந்த அயல்நாட்டிலேயே கர்த்தர் அகப்படுவார் என்பதன்றோ இதன் பொருள்?

அதன்பின் எங்கள் ஜெபம் மாறியது. மாற்ற விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை. அது இன்றும் வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் ஊர் திரும்பும் நாளுக்காகக் காத்திராமல், மாமியாரை இங்கேயே அழைத்துவந்தோம். கண்புரைச் சிகிச்சையும் இந்நகரிலேயே நடந்தது. அன்று மருத்துவமனையில் துணையிருந்தவர் அண்டை வீட்டு மராட்டிய அம்மையார். இப்பொழுது அவர் குடும்பத்தையும், கோடையில் குடிநீருக்குத் தவிக்கும் இவ்வூர் மக்களையும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம். ‘இவர்கள் ஊர்’ என்று நாங்கள் கூறிவந்த நகரம் மெல்ல மெல்ல எங்கள் ஊரும் ஆகிவருகிறது.

அன்பர்களே, ஊன்றிப் படித்தல் கற்றோர்க்கு மட்டும் உரிய கலை அன்று. ஒரு வசனம் உள்ளத்தைத் தொட்டால் அதன் முன்னும் பின்னும் படியுங்கள். யார், யாருக்கு, எந்நிலையில் கூறியது என்று கேளுங்கள். சிறு சொற்களையும் தாண்டிச் செல்லாதீர்கள். வீட்டில் எழும் ஐயங்களை அடக்காமல், அவற்றோடே திருநூலைத் திறவுங்கள். படித்ததில் ஒன்றையேனும் மறுநாள் செய்துபாருங்கள். நாம் விரும்பியதை மட்டும் வேதத்தில் தேடினால் நம் விருப்பமே நமக்குத் திரும்பக் கேட்கும். பொறுமையோடு முழுவதும் படித்தால் கர்த்தர் கூறுவது கேட்கும். விசுவாசம் வளர்வது அங்கேதான்.