அம்மா அழவில்லை



கீமோதெரபி என்றால் முடி கொட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கண்ணில் தண்ணீர் கொட்டும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை டோசிடாக்சல் என்ற மருந்து ஏற்றினார்கள். (யூ என்ற ஐரோப்பிய மரத்தின் இலையிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்துச் செய்வதாம்!) மூன்றாவது ஊசிக்குப் பிறகு இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. சோறு வடிக்கும்போது, டிவி பார்க்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது கூட. இமை முடியும் கொட்டிவிட்டதால் தூசி வேறு விழும். பேப்பரை எடுத்தால் "எழுத்தெல்லாம் கலங்குதுடா, நீயே படி" என்பாங்க.

பார்க்க வந்தவங்க எல்லாம் "அழாதம்மா, மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லிச் சொல்லியே அம்மாவை நிஜமாகவே அழவைத்துவிட்டுப் போவார்கள். "நான் அழலைங்க" என்றால் ஆறுதல் இன்னும் கூடும்!

ஆனால் அம்மாவுக்கு உள்ளுக்குள் வேறு பயம். நோய் கண்ணுக்கும் பரவிடுச்சோ? சொன்னால் மருந்தை நிறுத்திடுவாங்களோ? அதனால் டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது ஊசிக்குப் போனபோது அப்பாதான் போட்டு உடைத்தார். "எந்நேரமும் கையில கர்சீப்தான் டாக்டர்."

உடனே கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். நானும் போனேன். நம் இமை ஓரத்தில், மூக்குப் பக்கம், ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது. கண்ணாடியில் பாருங்கள், தெரியும். கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். டோசிடாக்சல் கண்ணீரிலும் கலந்து வருமாம். அதனால் சிலருக்கு அந்தச் சின்னக் குழாய் சுருங்கிவிடும்.

டாக்டர் முனை மழுங்கிய ஊசியால் அந்த ஓட்டையில் உப்புத் தண்ணீர் விட்டு, "தொண்டையில உப்புக் கரிக்குதாம்மா?" என்று கேட்டார். வலது கண்ணுக்கு "கரிக்குது" என்றார் அம்மா. இடது கண்ணுக்குக் கொஞ்சம் யோசித்து, "லேசா." பாதித் தண்ணீர் கன்னத்திலேயே வழிந்துவிட்டது.

முழுசாக அடைத்த பிறகு வந்திருந்தால் பெரிய ஆபரேஷன் தேவைப்பட்டிருக்குமாம். அடுத்த வாரமே இரண்டு கண்ணிலும் நூல் மாதிரி மெல்லிய சிலிகோன் குழாய் வைத்தார்கள். கீமோவை நிறுத்தவில்லை. அம்மா பயந்தது அதற்குத்தானே!

இப்போது தண்ணீர் வெகுவாகக் குறைந்திருக்கிறது. குழாயைச் சில மாதம் கழித்து எடுத்துவிடுவார்களாம். ஆறாவது ஊசி வருகிற வெள்ளிக்கிழமை.

— 9-ஆம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு