முன்னே பார்ப்பவர் ஒருவரே

கடலில் நீர் ஏறும்போது கிள்ளான் நகரத்து ஆற்றிலும் நீர் ஏறும். லண்டனில் ஓடும் தேம்ஸ் ஆறும் அத்தகையதே. அந்த ஏற்றநீரின் போக்கில்தான் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் படகோட்டப் போட்டியில் மோதுகின்றன.

பள்ளித் தோழர்கள் இருவர் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் சேர்ந்தபின் எழுந்த அறைகூவலால், 1829இல் இப்போட்டி பிறந்தது. ஒரு படகில் துடுப்பு வலிப்பவர் எண்மர். அவர்கள் வெற்றிக்கோட்டுக்கு முதுகு காட்டியே அமர்ந்திருப்பர். முன்னே பார்ப்பவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே. அவருடைய குரலை நம்பியே 6.8 கிலோமீட்டரையும் கடக்க வேண்டும். ஒரு துடுப்பு தாளம் தவறினாலும் படகு தடுமாறும்.

பெண்களுக்கோ இவ்வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. 1927இல் அவர்கள் முதன்முதலில் போட்டியிட்டபோது இரு படகுகளும் ஒருங்கே ஓடவில்லை. வேகத்தோடு, துடுப்பு வலிக்கும் நேர்த்தியையும் பார்த்தே நடுவர்கள் முடிவு கூறினர். ஆடவர் செல்லும் அதே நீர்வழியில், அதே நாளில் மகளிர் போட்டியும் நடந்தது 2015இல்தான். இடையில் 88 ஆண்டுகள் கடந்துவிட்டன!

ஆறு எவருக்கும் வழி மறுப்பதில்லை, மறுப்பவர் மனிதரே. நம் பள்ளித் திடலிலும் எவரேனும் வாய்ப்புக்காக ஓரத்தில் காத்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது நம் கடமையாகும்.