வெயில் விழும் குசினி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் நான்காம் மாடியில் ஓர் அக்கா வாடகைக்கு இருக்கிறார். வேலை நிமித்தம் நான் சென்றபோது குசினியிலேயே என்னை இருத்தினார். மேற்கு யன்னலால் வந்த பின்னேர வெயில் நிலமெங்கும் விழுந்திருந்தது.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் அவரும் ஒருவர். அதன் பின் மரத்தடியில் மூன்று கல், உறவினர் வீட்டில் ஒரு மூலை என எத்தனையோ அடுப்புகள். எதுவும் அவருடையதாக இருக்கவில்லை.

இங்கும் கட்டுப்பாடுகள் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. உரலில் இடித்தால் கீழ்வீட்டார் முறையிடுவர். ஆகவே மிளகாயை வறுத்து மில்லில் திரிப்பிக்கிறார். யன்னலடியில், பழைய பால்மா ரின்னில் கறிவேப்பிலைக் கன்று. பக்கத்தில் சுளகு நிறைய மோர்மிளகாய். பகலில் வெயில், இரவில் மீண்டும் மோர். மோர் வற்றும்வரை இப்படியே. கடற்காற்றின் ஈரத்தால் காய ஓரிரு நாள் கூடுதலாக எடுக்குமாம்.

"ஊருக்குப் போய்த்தான் ஒழுங்காச் சமைக்கிறதெண்டு இருந்திருந்தால், பிள்ளையளுக்கு எங்கட கறியின்ரை ருசியே தெரியாமல் போயிருக்கும், தங்கச்சி" என்றார்.

காணியும் உறுதியும் எமது உரிமைகள். அவற்றைக் கேட்பதை நாம் கைவிடக் கூடாது. ஆனால் அவை கிடைக்கும்வரை வாழ்வைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, சகோதரிகளே. வாடகைக் குசினியிலும் எமக்கென ஒரு சுளகை வெயிலில் வைப்போம்.