வேடந்தாங்கல் விருந்தாளிகள்

செங்கல்பட்டிலிருந்து வேடந்தாங்கல் சுமார் 30 கிலோமீட்டர்தான். குழந்தைகளோடு போய்வர ஒரு பகல் போதும். ஏரிக்கரையில் என் மகள் கேட்டாள்: "இந்த வாத்தெல்லாம் எங்கேர்ந்தும்மா வருது?"

நீலச்சிறகி போன்ற வாத்துகள் மத்திய ஆசியக் குளிருக்குத் தப்பி வருபவை. அங்கே அல்மாட்டி நகரிலிருந்து கணக்குப் போட்டால், நேர்க்கோட்டில் சுமார் 3,400 கிலோமீட்டர். விமானத்துக்கு நாலைந்து மணி நேரம். மணிக்கு 60 கிலோமீட்டர் பறக்கும் வாத்துக்கோ சுமார் 57 மணி நேரம் சிறகடிப்பு! நடுநடுவே இறங்கி, இரை தேடி, களைப்பாறி வருவதற்குள் வாரக்கணக்காகிவிடும்.

இந்த ஊர்க்காரர்கள், பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். சும்மா இல்லை, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். மழை பொய்த்து ஏரி வறண்டால் விருந்தாளிகள் வேறிடம் போய்விடுவார்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். சாயங்காலம் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் திரும்புவது கண்கொள்ளாக் காட்சி. பைனாகுலர் மறந்தாலும் பரவாயில்லை. கரையில் குழந்தைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனை தூரம் வந்த விருந்தாளி, கொஞ்சம் கண்ணயரட்டுமே!