சாமி கோவிச்சுக்கிட்டு வந்த மலை!

செமஸ்டர் லீவுக்கு ஊட்டி ப்ளானா? போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன் எல்லாம் ஸ்கூல் டூர்லயே முடிச்சிருப்பீங்க. இந்த வாட்டி கோத்தகிரியில இறங்கி, கீழ் கோத்தகிரி பஸ்ஸைப் பிடிங்க. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சோகக் கதை இருக்கு.

அந்தப் பக்கம்தான் உடையராயர் கோட்டை. கோட்டைன்னதும் செஞ்சி ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணாதீங்க, மிச்சம் இருக்கிறது சிதிலம்தான். உம்மத்தூர் ராஜாக்களுக்கு வரி வசூலிச்ச தலைவன் உடையராயன். நெட்லிங்கி ஊர்ப் பெண் முத்து கவுரியைக் கட்டிக்க ஆசைப்பட்டான். "ரங்கசாமி மலைக்கு எதிர்ல இருக்கிற கோட்டைக்குள்ள கல்யாணம் வேண்டாம்"னு அவ சொல்லியும் கேட்கலை. சாமி குத்தம்... அவ செத்துப்போனா. அப்புறம் ஊரே விழா எடுத்தது யாருக்குத் தெரியுமா? வரி வாங்கினவனுக்கு இல்லை, வேண்டாம்னு சொன்னவளுக்கு!

சரி, அந்த ரங்கசாமி ஏன் மலையில இருக்கார்? காரமடையில சம்சாரத்தோட சண்டை போட்டுட்டுத் தனியா இங்க வந்துட்டாராம். சாட்சிக்கு, அரக்கோடு பக்கம் பாறையில ரெண்டு பாதத் தடம் காட்டுவாங்க.

அயர்லாந்துக்காரங்களும் நம்ம ஜாதிதான். வட அயர்லாந்துக் கடலோரம் 'ஜெயன்ட்ஸ் காஸ்வே'னு சுமார் 40,000 கல் தூண்கள். கிட்டத்தட்ட 6 கோடி வருஷம் முன்னாடி எரிமலைக் குழம்பு ஆறி வந்தது. அவங்களைக் கேட்டா, ஸ்காட்லாந்து ராட்சசனோட மோத ஃபின் மெக்கூல் போட்ட ரோடும்பாங்க! அவர் சண்டைக்குப் போக வழி போட்டார். நம்ம ஆள் சண்டை போட்டுட்டு வந்தார். அவ்ளோதான் வித்தியாசம்.

1908-ல வந்த நீலகிரி கெசட்டியர் எழுதின டபிள்யூ. பிரான்சிஸுக்கு இதுல சந்தேகம். காரமடைத் தேருக்கு இறங்கி நடக்கிற கஷ்டத்தைத் தவிர்க்க மலை மக்கள் கட்டின கதையா இருக்கும்கிறார். ஆனா அதே புத்தகத்துல வர்ற திருவிழாவைப் பாருங்க. தேதி குறிக்கிறது படுகர், பூசாரி இருளர், கூட்டத்துல குறும்பரும் உண்டு. "கோவிந்தா"ன்னு கத்திக்கிட்டு உச்சிக்கு ஏறி, ராத்திரி ரெண்டு கல் தொட்டி நிறைய நெய் ஊத்திக் கொளுத்துவாங்க. வெளிச்சம் பல மைல் தெரியுமாம். நடக்கச் சோம்பல்பட்டவங்க நெய்யைத் தூக்கிக்கிட்டு சிகரம் ஏறுவாங்களா பாஸ்?

மலையையும், பக்கத்துல சுமார் 400 அடிக்குத் தனியா நிக்கிற ரங்கசாமித் தூணையும் பார்க்க கோடநாடு வியூ பாயின்ட் போதும். காலையிலேயே போயிடுங்க. மூட்டம் இறங்கிட்டா சாமியும் தெரியாது, தூணும் தெரியாது.