தெமோதரைத் தண்டவாளமும் பாயின்டரும்

இலங்கையில் எல்லயிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில், தெமோதரை நிலையத்தைத் தாண்டி மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழையும். தட்டையான வரைபடத்தில் பாதை தன்னையே வெட்டுவதுபோல் இருக்கும். உயரத்தையும் காட்டினால்தான் நிலையமும் சுரங்கமும் இரண்டு வேறு இடங்கள் என்று புரியும்.

ஒவ்வொரு நோடும் அடுத்த நோடின் முகவரியைப் பாயின்டரில் வைத்திருக்கும் லிங்க்ட் லிஸ்ட்டைப் படிக்கும் தம்பி தங்கச்சிமார் தடுமாறுவதும் இப்படித்தான். முதல் மூன்று மதிப்புகளைப் பிரின்ட் போட்டால் 7, 9, 7 என்று வரும். கடைசி 7 முதல் நோடேதானா, அதே மதிப்புள்ள வேறொன்றா? முகவரி தெரியாமல் பதில் இல்லை. முதல் நோடேதான் என்றால், லிஸ்ட் முழுவதையும் பிரின்ட் போடும் புரோகிராம் நிற்காமல் சுற்றும்.

1990களில் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் செல்லரும் டொரோத்தியா லூட்கெஹவுசும் உருவாக்கிய டிடிடி என்ற டீபக்கர் இதைப் படமாக்கியது. பாயின்டரைச் சொடுக்கினால் அது சுட்டும் பெட்டி அம்புக்குறியோடு திறக்கும். ஒரே முகவரி மறுபடி வந்தால், புதுப் பெட்டி வரையாமல் அம்பைப் பழைய பெட்டிக்கே திருப்பும் வசதியும் அதில் உண்டு. வட்டம் வட்டமாகவே தெரியும்! என் கண்ணில் அதன் மிகச் சிறந்த அம்சம் அதுதான்.

இன்று இதேபோல் அம்புக்குறிகளோடு படம் காட்ட, பிலிப் குவோ 2010இல் தொடங்கிய பைதான் டியூட்டர் இருக்கிறது. பிரவுசரிலேயே இயங்கும், இலவசம். நம் உயர்தர ஐசிடி பாடத்திலும் பைதான்தானே.

தோட்டப் பாடசாலைகளில் ஐசிடி கற்பிக்கும் ஆசிரியர்களே, ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர் வைத்து, ஒன்றின் வழியாக மாற்றினால் மற்றதிலும் மாறுவதை முதல் வாரத்திலேயே அம்புக்குறிகளோடு பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.